சென்னியப்பனின் வியாழக்கிழமைகள்

வியாழக்கிழமை முழுக்கச் சென்னியப்பன் வீட்டை விட்டு ஓரடி நகரவில்லை. எந்தக் கோயிலில் நிறுத்திக் கேட்டாலும் சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்வார். காலையில் கம்பங்கூழ் குடித்தார், கட்டிலில் படுத்து மின்விசிறியைப் பார்த்தார், மத்தியானம் சோற்றுக்கு எழுந்தார், மறுபடியும் படுத்து அதே மின்விசிறியைப் பார்த்தார். ஈரோட்டில் மஞ்சள் மண்டியை இழுத்துப் பூட்டிய நாளிலிருந்து அவருக்கு உத்தியோகம் அதுதான்.

பொழுது சாய்ந்து, அவர் மனைவி சம்பூரணம் சாமி மாடத்தில் விளக்கு வைத்ததும், அவர் காதுக்குப் பின்னால் ஒட்டியிருந்த கதைமணி மெல்லச் செருமியது. மிஷினுக்கு எதற்குச் செருமல் என்று கேட்காதீர்கள். ஆள் மாதிரி இருந்தால்தான் நம் ஜனங்கள் காது கொடுப்பார்கள் என்று அதைச் செய்தவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

“இன்று காலை நீங்கள் பெருந்துறைப் பேருந்தில் ஏறினீர்கள்,” என்றது கதைமணி. “மடியில் தூக்குப்போசி, அதில் இடியாப்பம் போலப் பிழிந்த சந்தகை. சூடு தாங்காமல் துணியைச் சுற்றிப் பிடித்துக்கொண்டீர்கள். மூன்றாவது மாடி ஏறுவதற்குள் முழங்கால் கெஞ்சியது. கதவு திறப்பதற்குள் வலியை முகத்திலிருந்து துடைத்துக்கொண்டீர்கள். பிறகு உட்கார்ந்து அந்தச் சந்தகையைச் சாப்பிட்டீர்கள். நெடுநாள் பசி அது.”

சென்னியப்பன் வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார். எந்தப் பெருந்துறை? எந்தச் சந்தகை? அதுவும் நானே சுமந்துகொண்டு போய் நானே தின்றேனா? மூன்று மாடி ஏறி?

பெருந்துறை என்ற பேரைக் கேட்டாலே அவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும். கோயமுத்தூருக்குப் போவதென்றால்கூடச் சத்தியமங்கலத்தைச் சுற்றிக்கொண்டு போகிற மனிதர். அவருடைய ஒரே மகள் கனிஷ்கா குடியிருப்பது அந்த ஊரில்தான்.

“ஏ புள்ள,” என்று அடுக்களையைப் பார்த்துக் குரல் கொடுத்தார். “இன்னிக்கு நான் எங்கீங்காச்சும் போனனா?”

சம்பூரணம் அவரைக்காய் நரம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. “எனக்கெப்படீங்க தெரியும்? வியாழக்கெழமதான் நான் தட்சிணாமூர்த்தி கோயலுக்குப் போயிர்றனே.”

கதைமணி வந்த வரலாற்றைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அவரைப் போலவே நீங்களும் முழிப்பீர்கள். மண்டி மூடியபின் சென்னியப்பன் பேச்சைக் குறைத்தார், சாப்பாட்டைக் குறைத்தார், கடைசியில் குளிப்பதையும் குறைத்தார். டாக்டர் மாத்திரைகளை மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, கதைமணியை எழுதிக் கொடுத்தார். அதற்குள் ஊரில் பாதிப் பேர் காதில் அது ஏறியிருந்தது. கல்யாணத் தரகர்கள் ஜாதகத்தோடு “பையன் என்ன அச்சுங்க?” என்று கேட்க ஆரம்பித்திருந்த காலம். வீழ்ச்சி அச்சு என்றால் செவ்வாய் தோஷத்தைக் கேட்ட மாதிரி காபியை வைத்துவிட்டு எழுந்து போனார்கள்.

அச்சு என்ன என்பதைக் கதைமணி ஒட்டுகிற நிலையத்தில் இருந்த பர்வீன் என்கிற பெண்தான் விளக்கினாள்.

“உலகத்துல இருக்கற கதை அத்தனையும் ஏழே அச்சுக்குள்ள அடங்கிருதுங்க ஐயா. அச்சு வெல்லம் மாதிரி. பாகு அவங்கவங்களுது, அச்சு பொதுவு. ஒரு அரக்கனை எதுத்து ஜெயிக்கறது ஒண்ணு. ஏழையா இருந்து பெரிய ஆளாகறது ஒண்ணு. ஒரு பொருளைத் தேடிப் போறது, கண்காணாத எடத்துக்குப் போய்த் திரும்பி வர்றது. ஆளாளுக்குத் தப்பா புரிஞ்சுக்கிட்டுக் குழம்பி, கடைசியில சிரிச்சு ஒண்ணு சேர்றது ஒண்ணு இருக்கு. அப்பறம் மறுபிறவி.”

“ஆறுதான் வந்துச்சு?”

“இன்னொண்ணு வீழ்ச்சிங்க,” என்றாள், அதை மட்டும் கொஞ்சம் தணிந்த குரலில். “இந்த மணி பகல் பூரா நீங்க போற எடம், பேசற பேச்சு, நாடித்துடிப்பு எல்லாத்தையும் வாங்கிக்கும். பொழுதோட அதையே ஒரு அச்சுல ஊத்திக் கதையா சொல்லும். நம்ம பொழப்பக் கதையாக் கேட்டா, நம்ம மேலயே நமக்கு ஒரு எரக்கம் வருமுங்க. எரக்கம் வந்துட்டா ஆளு மாறறது சுலபம்.”

“எனக்கு அந்த ஏழை பெரிய ஆளாகறத ஊத்து அம்மிணி. சாக்குத் தைக்கற வேலையில இருந்து மண்டி வெச்சவன் நான்.”

“கேட்டு வாங்க முடியாதுங்க. அதா எது பொருந்துதோ அதுதான்.”

கூட வந்த சம்பூரணத்துக்கும் ஒரு மணியை ஒட்டினார்கள். வீட்டில் இருவரும் போட்டுக்கொண்டால் நல்லதாம். நம்பர் கேட்டபோது, கேஸ் சிலிண்டருக்கும் ரேஷனுக்கும் சொல்லிப் பழகிய புருஷனின் போன் நம்பரையே அவளும் கடகடவென்று ஒப்பித்தாள். பர்வீனுக்கு அன்று வரிசையில் கூட்டம். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பத்து நாளில் சென்னியப்பனுக்கு அச்சு வந்து, கதை ஆரம்பமாயிற்று: கண்காணாத இடத்துக்குப் போய்த் திரும்புகிறவர். “நானெங்க போனேன், எங்க திரும்பறக்கு?” என்று அன்றைக்கே மண்டை காய்ந்தது. இப்போது பெருந்துறையும் சேர்ந்துகொண்டது.

அடுத்த வியாழக்கிழமை மனிதர் ஒரு காரியம் செய்தார். சம்பூரணம் கோயிலுக்குக் கிளம்பிப் போனதும், தன் செருப்பை வாசலில் வைத்து, அதைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போட்டார். வேறு செருப்பு அவரிடம் கிடையாது. வெறுங்காலோடு வெளியே போகிற ஆளும் கிடையாது. பொழுது சாயும்போது வந்து பார்த்தார். செருப்பு கோட்டுக்குள் கோழி அடைகாக்கிற மாதிரி அசையாமல் இருந்தது. வாசலைக் கூட்டிய சம்பூரணம்கூட அந்தக் கோட்டை மட்டும் அழிக்காமல் சுற்றிக் கூட்டியிருந்தாள்.

விளக்கு வைத்ததும் மணி செருமியது. “இன்றும் நீங்கள் பெருந்துறைக்குப் போனீர்கள்.”

சென்னியப்பன் போய்ச் செருப்பை இன்னொரு தரம் பார்த்துவிட்டு வந்தார். அவருடைய அண்ணன் கடைசிக் காலத்தில் தன் பேரையே மறந்துபோய், கண்ணாடியைப் பார்த்து “வாங்க, உக்காருங்க” என்று சொன்னவர். அந்த நோய் தனக்கும் வந்துவிட்டதா? போனதே நினைவில்லாமல் போய்க்கொண்டிருக்கிறோமா? அப்படியென்றால் செருப்பு?

கதை அதோடு நிற்கவில்லை. ஒரு நாள் இப்படிச் சொன்னது: “தெருமுனையில் ஸ்கூட்டரை நிறுத்தி மாடியைப் பார்த்தீர்கள். காயப்போட்டிருந்த வேட்டி ஓரத்தில் கிழிந்திருந்தது. ‘அப்பாவுக்கு ஒரு வேட்டி எடுத்துத் தர ஆளில்லையா’ என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு, வண்டியைத் திருப்பினீர்கள்.”

சென்னியப்பனுக்கு ஸ்கூட்டர் ஓட்டத் தெரியாது. அவருடைய அப்பா போய்ச் சேர்ந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. பேந்தப் பேந்த விழித்துக்கொண்டு மாடிக்கு ஏறினார். கொடியில் அவருடைய எட்டு முழ வேட்டி தொங்கியது. ஓரத்தில் ஒரு விரல் நீளத்துக்குக் கிழிந்திருந்தது. அதுவரை அவரே அதைக் கவனித்ததில்லை. தெருமுனையைப் பார்த்தார். அங்கே ஒரு இளநீர் வண்டியைத் தவிர ஒன்றுமில்லை. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது.

இவ்வளவு குழப்பத்திலும் ஒன்று மட்டும் அவருடையதுதான் என்று அவருக்கு நிச்சயமாகத் தெரியும். அது குடோன்.

மண்டி போனாலும் குடோன் சாவி அவர் இடுப்பில்தான் இருந்தது. சில நாள் காலையில் போய்க் காலிச் சாக்குகளின் மேல் உட்காருவார். மகள் கனி காலேஜ் விடுதியில் இருந்தபோது அனுப்பிய குரல் செய்தி ஒன்று போனில் இருந்தது. “அப்பா, இந்த வாரம் வருவீங்களா? வரும்போது மிச்சர் வாங்கிட்டு வாங்ப்பா.” அதைப் போட்டுப் போட்டுக் கேட்பார். இதைச் சம்பூரணத்திடம்கூட அவர் சொன்னதில்லை.

என்ன நடந்தது என்றால், கனி உணவுப் பொருள் பரிசோதிக்கிற படிப்புப் படித்து, பெருந்துறையில் ஒரு சோதனைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். ஒரு நாள் சோதனைக்கு என்று அவள் மேசைக்கு வந்த மஞ்சள்தூள், அவள் அப்பாவின் மண்டியிலிருந்து வந்தது. நிறம் ஏற்றுவதற்கு அதில் ஈயச் சாயம் கலந்திருந்தது. குழந்தைகள் வயிற்றில் போகிற பொருள். அவள் கண்டதைக் கண்டபடி எழுதினாள். மண்டி போயிற்று. சென்னியப்பன் மார்க்கெட்டின் நடுவில் நின்று, “எனக்குப் பொண்ணே இல்ல, செத்துட்டா!” என்று கத்தினார். சாயத்தைக் கூலிக்காரர்கள் கலந்துவிட்டார்கள், தனக்கு ஒன்றும் தெரியாது என்று ஊரெல்லாம் சொன்னார். ஊரும் பொய்க்காரி, பெற்றவனைக் காட்டிக்கொடுத்தவள் என்று அந்தப் பெண்ணைத்தான் ஏசியது. அது ஆயிற்று ஐந்து வருஷம்.

குடோனில் ஒரு நாள் அந்தக் குரலைக் கேட்டுவிட்டு, தாங்க முடியாமல் வாய்விட்டு ஒன்று சொல்லிவிட்டார். கேட்க ஆளில்லை என்கிற தைரியம். அன்று பொழுது சாய்ந்ததும் மணி அதையும் விடவில்லை. “‘தெரிஞ்சுதான் கலந்தேன், கனி’ என்று காலிச் சாக்குகளிடம் சொன்னீர்கள்” என்றது. சென்னியப்பன் பதறிப்போய்த் தலையணையை எடுத்துக் காதில் அமுக்கினார், ஏதோ அடுத்த அறைக்குக் கேட்டுவிடும் என்பதுபோல. சம்பூரணம் அந்த நேரத்தில் வழக்கத்துக்கு மாறாகப் பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டுச் சும்மா நின்றிருந்தாள். அவர் அதைக் கவனிக்கவில்லை.

மாதங்கள் போயின. பயம் ஒரு பக்கம் இருக்க, இன்னொரு பக்கம் வெட்கத்தோடு ஒப்புக்கொள்ள வேண்டிய ஒரு விஷயம் நடந்தது. மனிதர் வியாழக்கிழமைக்குக் காத்திருக்க ஆரம்பித்தார். அந்தக் கதையில் வருகிற ஆள், பெருந்துறைக்குப் போகிற அந்த “நீங்கள்”, அவருக்குப் பிடித்துப்போயிற்று. அந்த ஆள் கனியின் தலையில் எண்ணெய் தேய்த்தார். கனி இளைத்துவிட்டாள் என்று கவலைப்பட்டார். அந்த வீட்டில் தம்ளர்கள் குளிர்சாதனப் பெட்டிக்கு மேல் கவிழ்த்து வைத்திருப்பது அவருக்குத் தெரிந்தது. கோபத்தில் கத்தாமல் ஒரு மணி நேரம் ஒரு மனிதரால் இருக்க முடியும் என்று சென்னியப்பன் அந்த ஆளிடமிருந்துதான் கற்றுக்கொண்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சம்பூரணம் கண்விழித்தபோது, அடுக்களையில் சென்னியப்பன் சந்தகை பிழிகிற பலகையின் கைப்பிடியை அழுத்திக்கொண்டிருந்தார். வேர்த்து ஊற்றியது.

“என்னங்க இது!”

“சூடா இருக்கீலயே பிழிஞ்சறோணும். ஆறிப்போச்சுன்னா கை போயிரும்,” என்றார் அவர், பிறந்ததிலிருந்து அதையே செய்தவர் மாதிரி.

“உங்களுக்கு யாரு சொல்லிக் குடுத்தது?”

அவர் கை நின்றது. யார் சொல்லிக் கொடுத்தது? கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அடுப்பைப் பற்ற வைத்ததில்லை. ஆனால் கைக்குத் தெரிந்திருக்கிறது. “தெரியல புள்ள,” என்று அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். “எனக்கு எதுவுமே புரிய மாட்டேங்குது. நான் யாருன்னே எனக்குச் சந்தேகமா இருக்குது.”

சம்பூரணம் அவர் நெற்றி வேர்வையை முந்தானையால் துடைத்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு சந்தகையைத் தட்டில் எடுத்து வைத்து, “நல்லா வந்திருக்குதுங்க” என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் அவர் நிலையத்துக்குப் போய்ப் பர்வீன் முன்னால் நின்றார்.

“அம்மிணி, ஒண்ணு உன்ற மிஷினுக்குப் பைத்தியம், இல்லீன்னா எனக்கு. எதுன்னு இப்பவே சொல்லிப்போடு.”

அவர் சொன்னதையெல்லாம் கேட்ட பர்வீன், எதிர்பார்த்துக்கொண்டிருந்தவள் போலப் பெருமூச்சு விட்டாள். கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

“உங்களுக்கு ஒரு நோயும் இல்லீங்க ஐயா. தப்பு எங்களுதுதான். மிஷினுக்கு நம்பர்தான் ஆளு. ஒரு நம்பர்னா ஒரு மனுசன். நம்ம ஊர்லதான் வீட்டுக்கே ஒரு நம்பரைக் குடுப்பமே, அத செஞ்சவங்களுக்கு அது தெரியல. உங்க நம்பர்ல இருக்கற மணி அத்தனையும் உங்க ஒருத்தர் காதுன்னு நெனைச்சு, எல்லாத்தையும் ஒரே கதையா ஊத்தியிருக்குது.”

சென்னியப்பன் விரல்விட்டு எண்ணினார். பெருந்துறைப் பேருந்து, தூக்குப்போசி, முழங்கால் வலி. தட்சிணாமூர்த்திக்குச் சந்தகை படைப்பதாக எந்த ஊரிலாவது கேள்விப்பட்டதுண்டா? ஐந்து வருஷமாக அவர் ஒரு தடவைகூட யோசிக்கவில்லை.

“அப்ப போனது சம்பூரணமா?”

“ஆமாங்க.”

“ஒரே நேரத்துல நான் கட்டல்ல கெடக்கறேன், அவ பஸ்ல போறா. ஒரே ஆளு எப்படி ரெண்டு எடத்துல இருப்பான்? அதுகூடத் தெரியாதா அந்தக் கெரகத்துக்கு?”

“ஒண்ணை நடந்ததுன்னும் இன்னொண்ணை நெனைப்புன்னும் எடுத்துக்குமுங்க. ஒரு ஆளு படுத்துக்கிட்டே ஊரெல்லாம் போய் வருவாருல்ல? அப்படி.”

“சரி. அந்தச் சந்தகையத் தின்னது? ஸ்கூட்டரு? அப்பாவோட வேட்டி?”

பர்வீன் விரலால் மேசையைத் தேய்த்தாள். “உங்க நம்பர்ல ரெண்டு மணி இல்லீங்க. மூணு ஓடுது. மூணாவது பெருந்துறையில.”

அவருக்குக் காது அடைத்துப்போனது. அப்பா என்று வாய்க்குள் சொன்னது யார், எந்த அப்பாவை என்று அப்போதுதான் புரிந்தது. தன் வீட்டுத் தெருமுனை வரை வந்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறாள். உடனே இன்னொன்றும் புரிந்தது, அது இன்னும் மோசம். “அப்ப நான் கேக்கற கதையவே அவங்களும் கேக்கறாங்களா? குடோன்ல நான் சொன்னது?”

“மூணு பேருக்கும் ஒரே கதைதானுங்க.”

சென்னியப்பன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

“சம்பூரணம் அக்கா கதை ஆரம்பிச்ச வாரமே வந்துட்டாங்க,” என்றாள் பர்வீன். “‘நான் குடோனுக்கே போனதில்ல, என்ற கதையில குடோன் எப்படி வருது’ன்னு. நான் பிரிச்சுத் தர்றேன்னு சொன்னேன். வேண்டாம்னுட்டாங்க. ‘நான் பேசறதெல்லாம் அவரு காதுக்குப் போகுமா?’ன்னு ரெண்டு தடவ கேட்டாங்க. மறுநாளே இன்னொரு மணி வாங்கிட்டுப் போனாங்க, அதே நம்பருக்கு. நான் கண்டுக்காம உட்டுட்டேன். ஆனா இப்ப தலைமை ஆபீஸ்ல கண்டுபிடிச்சுட்டாங்க. சட்டப்படி பிரிச்சாகோணும். வர்ற வெள்ளிக்கெழம பிரிச்சிருவாங்க.”

“பிரிச்சதுக்கப்பறம் என்ற கதைக்கு எந்த அச்சு வரும்?”

அவள் மேசையில் இருந்த தாள்களை அடுக்கினாள்.

“சொல்லு அம்மிணி.”

“தனியாப் போட்டுப் பார்த்தேனுங்க. கட்டலு, மின்விசிறி, குடோன். வேற ஒண்ணுமில்ல. வீழ்ச்சின்னு வருது.” அவசரமாகச் சேர்த்துக்கொண்டாள். “அந்த அச்சு வந்தா நாங்க கதை சொல்றதில்லீங்க. கேக்கறவங்களுக்கு ஆகாதுன்னு மணியத் திருப்பி வாங்கிக்குவோம்.”

அதாவது வெள்ளிக்கிழமைக்குப் பிறகு வியாழக்கிழமைகள் கிடையாது. கனியின் தலையில் எண்ணெய் தேய்க்கிற அந்த ஆள் கிடையாது. மிச்சம் இருப்பது மின்விசிறி. சென்னியப்பனுக்கு அழுகை வந்தது. யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. அவளாக நடந்து அவளாகப் பேசிய அந்த ஆளிடம் நான் கேட்டுக்கொண்டிருந்தது என்னையா, இல்லை அவளையா? பாகைக் கலந்தபின் எது எந்தக் கரும்புடையது என்று யார் பிரிப்பது?

வியாழக்கிழமை காலையில் சம்பூரணம் தூக்குப்போசியோடு வாசலுக்கு வந்தபோது, அவர் சட்டை போட்டுக்கொண்டு, அந்தக் கிழிந்த வேட்டியோடு செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். எங்கே கிளம்பினீர்கள் என்று அவள் கேட்கவில்லை. தூக்குப்போசியை அவர் கையில் கொடுத்துவிட்டுக் கதவைப் பூட்டினாள். அது பெரிய போசி. மூன்று பேருக்குத் தாராளமாகக் காணும்.

ஓட்டுநர் இல்லாமல் தானாக ஓடுகிற பேருந்து. ஆனாலும் கண்டக்டர் இல்லாமல் நம் ஜனங்கள் ஏற மாட்டார்கள் என்பதால் ஒருவர் நின்று விசிலடித்துக்கொண்டிருந்தார். நசியனூர் தாண்டியபின்தான் சென்னியப்பன் பேசினார்.

“குடோன்ல சொன்னதக் கேட்டயா?”

“கேட்டனுங்க.”

“அன்னிக்கே மூஞ்சிக்கு நேரா கேட்டிருக்கலாமல்லொ?”

“நான் கேட்டா நீங்க துண்டை ஒதறிட்டு எந்திரிச்சுப் போயிருவீங்க. அஞ்சு வருசமா கனி பேச்சை எடுத்தா ‘வாய மூடு’ன்னுதான சொன்னீங்க? நான் சொன்னா ஏறாது. அதே சங்கதிய உங்க கதைன்னு சொன்னா மட்டும் காதைத் தீட்டிக்கிட்டுக் கேக்கறீங்க.”

அவருக்கு ஒரு மாதிரி சிரிப்பும் வந்தது, ரோசமும் வந்தது. “அப்ப வேணும்னே பண்ணினயா? மூணாவது மணிக்கும் என்ற நம்பரையே குடுத்தது?”

சம்பூரணம் சன்னலுக்கு வெளியே பார்த்தாள். “எனக்கு உங்க நம்பரு ஒண்ணுதானுங்க மனப்பாடம்,” என்றாள். அதற்கு மேல் அவளிடமிருந்து ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை.

மூன்றாவது மாடி. முழங்கால் கெஞ்சியது. இந்த வலி புதிதா, முன்பே தெரிந்ததா என்று அவருக்கே விளங்கவில்லை. சம்பூரணம் நகர்ந்து அவரை முன்னால் விட்டாள். தட்டினார்.

கனி கதவைத் திறந்தாள். காதுக்குப் பின்னால் மணி இருந்தது. முன்நெற்றியில் இரண்டு மூன்று முடி நரைத்திருந்தது. கதையில் அது வரவில்லை. எண்ணெய் தேய்த்தவளும் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை போல. அவள் கதவை முழுக்கத் திறந்து விலகினாள். அவர் வேறென்ன செய்வதென்று தெரியாமல், மாடி ஏறிய தாகத்தோடு நேராக அடுக்களைக்குள் போனார். குளிர்சாதனப் பெட்டிக்கு மேலிருந்து ஒரு தம்ளரை எடுத்துத் தண்ணீர் பிடித்துக் குடித்தார். குடித்து முடித்தபின்தான், இந்த வீட்டுக்குத் தான் வந்ததே இல்லை என்பது அவர் நினைவுக்கு வந்தது.

திரும்பினார். கனி அடுக்களை வாசலில் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கனி, நான் வந்து... அந்தச் சாயத்த...”

“தெரியுங்ப்பா. கேட்டேன்.”

“இல்ல சாமி. அது மிஷின் சொன்னது. நான் சொல்லோணும்.” தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். “தெரிஞ்சுதான் கலந்தேன். ஆளு உட்டுக் கலந்தது நான்தான். நீ பொய் சொல்லல. நான்தான் ஊரெல்லாம் பொய் சொன்னேன். எவன் வீட்டுக் கொழந்தையெல்லாம் அதத் தின்னுச்சோ, எனக்குத் தெரியாது. மார்க்கெட்டுக்கு வந்து சொல்லச் சொன்னாலும் சொல்றேன்.”

கனி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டாள். “ஊர் பூரா என்னைத்தான் பொய்க்காரின்னு சொல்லுச்சுங்ப்பா. ஒருத்தர் ரெண்டு பேர் இல்ல.” அவள் திரும்பி விடுவிடுவென்று உள்ளறைக்குப் போய்விட்டாள்.

சென்னியப்பன் சம்பூரணத்தைப் பார்த்தார். அவள் கையை மட்டும் லேசாக அசைத்தாள், பொறுங்கள் என்று. போயிற்று, எல்லாம் போயிற்று என்று அவருக்குத் தோன்றியது. உள்ளே பீரோ திறக்கிற சத்தம் கேட்டது. கனி ஒரு துணிக்கடைப் பையோடு வந்தாள். பை மடித்த இடத்தில் நைந்திருந்தது.

“எட்டு முழந்தான?” என்றாள். கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. “எடுத்து ரொம்ப நாளாச்சு. கொண்டாந்து குடுக்கத்தான் அன்னிக்கு அந்த முக்கு வரைக்கும் வந்தேன். மார்க்கெட்டுக்கு வர்றேன்னீங்களே, இதக் கட்டிக்கிட்டு வாங்ப்பா. நானும் வர்றேன்.”

அவர் வேட்டியை வாங்கி மார்போடு வைத்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார்.

அன்று மத்தியானம் சந்தகை சாப்பிட்டார்கள். பழைய கதை பேசவில்லை. புதிய கதை எதைப் பேசுவது என்று யாருக்கும் தெரியவில்லை. சென்னியப்பன் புது வேட்டியைக் கட்டிக்கொண்டு, எங்கே உட்காருவது என்று தெரியாத விருந்தாளியாக அறைக்கும் வாசலுக்கும் நடந்தார். பொழுது சாய்ந்தது. கனி விளக்கைப் போட்டாள். மூன்று காதுகளுக்குப் பின்னாலும் ஒரே சமயத்தில் செருமல் கேட்டது. மூவரும் அசையாமல் உட்கார்ந்தார்கள். நாளைக்கு இதைப் பிரித்துவிடுவார்கள்.

“இன்று நீங்கள் கதவைத் தட்டினீர்கள்,” என்றது கதைமணி. “கதவைத் திறந்ததும் நீங்கள்தான். பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்ததும் நீங்கள்தான்.”

அதற்குமேல் எப்படிக் கொண்டுபோவது என்று அதற்கே தெரியவில்லை போல. மறுபடியும் ஒருமுறை செருமியது.